வெங்காயத் தாளில் வெள்ளைக் கோடு: இலைப்பேனா, ஈயா?

ஆனேக்கல் கால் ஏக்கர்:
பெங்களூரில் வேலை, ஆனேக்கல் பக்கம் குத்தகை நிலத்தில் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறேன், நட்டு 30 நாள் ஆகிறது. தாளின் நுனிப் பக்கம் ஊசியால் குத்தியதுபோல் வரிசையாக வெள்ளைப் புள்ளி, அதற்குக் கீழே நெளிநெளியாக வெள்ளைக் கோடு. மருந்துக்கடையில் படம் காட்டினேன், இலைப்பேன் என்று சொல்லி பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தாயிற்று, கோடு கூடித்தான் இருக்கிறது. கேட்டால் அளவைக் கூட்டி அடிக்கச் சொல்கிறார்கள். இது பேன்தானா?

வரப்போரம்:
இலைப்பேன் சுரண்டினால் வெள்ளி பூசினதுபோல் திட்டுத்திட்டாக இருக்கும், செடியின் கழுத்தை விரித்தால் மஞ்சளாகப் பொடிப்பொடியாக ஓடும். நீங்கள் சொல்வது இலைத் துளைப்பான் ஈ மாதிரி தெரிகிறது. 2 மி.மீ. கறுப்பு ஈ, முதுகில் மஞ்சள் புள்ளி. பெண் ஈ தாளைக் குத்திச் சாறு குடிக்கும், சில குத்தில் முட்டை வைக்கும், அதுதான் அந்த வரிசைப் புள்ளி. கோடு உள்ளே புழு தின்றுகொண்டு போன வழி. ஒரு தாளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடியுங்கள், கோட்டின் அகலமான முனையில் புழு இருக்கிறதா பாருங்கள்.

சூலிபெலெ அக்கா:
தம்பி, முதலில் அந்த மருந்தை நிறுத்துங்கள். புழு தாளுக்குள் பத்திரமாக இருக்கிறது, வெளியே அதைத் தேடிக் கொல்லும் குட்டிக் குளவிகள்தான் செத்துப்போகும். எங்கள் தக்காளியில் இதே கூத்து நடந்தது, அடிக்க அடிக்கப் பெருகியது. அப்புறம் ஒன்று, விழுந்த கோடு மறையாது, அதைப் பார்த்து மருந்து அடித்தால் அறுவடை வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். புதிதாக வரும் தாளை மட்டும் கவனியுங்கள். கோடு நிறைந்த கீழ்த்தாளைக் கிள்ளி பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள், எருக்குழியில் போட்டால் கூண்டுப்புழு அங்கேயே ஈயாகிப் பறக்கும். மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தாள் உயரத்தில் கட்டுங்கள். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வேப்பஞ்சோப்பு இருக்கிறது, பொட்டலத்தில் போட்ட அளவில் கரைத்துச் சாயங்காலம் அடியுங்கள். வெங்காயத் தாளில் மெழுகு, வெறும் தண்ணீர் மருந்து உருண்டு ஓடிவிடும், சோப்பு இருந்தால்தான் ஒட்டும்.

வரப்போரம்:
அக்கா சொன்னதோடு, புதுத் தாளிலும் பாதிக்கு மேல் கோடு வந்தால் மட்டும் தாளுக்குள் ஊடுருவும் மருந்தை யோசிக்கலாம், அபாமெக்டின், ஸ்பினோசாட் மாதிரி. அதையும் வெங்காயத்துக்கு அனுமதி உண்டா என்று லேபிளில் பார்த்துத்தான். கிழங்கு திரண்ட பிறகு கோடு வந்தால் நான் திரும்பியே பார்க்க மாட்டேன். பக்கத்தில் தக்காளி, பீன்ஸ், ஆமணக்கு உண்டா? அங்கிருந்தும் வரும்.

ஆனேக்கல் கால் ஏக்கர்:
வரப்பை ஒட்டிப் பக்கத்துக்காரர் பீன்ஸ், இலை முழுக்கக் கோலம் போட்டிருக்கிறது. பத்துத் தாளைக் கிழித்தேன், ஆறில் புழு, ஒன்றில் பழுப்பாகக் கூண்டு. கழுத்தில் பேனும் கொஞ்சம் இருக்கிறது, கடைக்காரர் சொன்னது முழுப்பொய் இல்லை. கிள்ளின தாளை வீட்டில் பொரியல் செய்யலாமா?

சூலிபெலெ அக்கா:
புழுவால் ஒன்றும் ஆகாது தம்பி. நீங்கள் அடித்த மருந்துதான் பயம். அடித்த பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று புட்டியில் போட்டிருக்கிறதோ அதுவரை பொரியல் வேண்டாம்.