உபுண்டுவில் தமிழ்99 பட்டியலில் வரவில்லை

கேள்வி:
வணக்கம். அப்பாவின் பழைய மடிக்கணினியில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) போட்டுக் கொடுத்தேன். அவர் பல வருடமாகத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில்தான் தட்டச்சு செய்கிறார். டெர்மினலில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கட்டளை போட்டு ஐபஸ்-எம்17என் (ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு மென்பொருளுக்குத் தமிழ் முதலிய மொழிகளின் விசை அமைப்புகளைத் தரும் தொகுப்பு) நிறுவினேன், பிழை எதுவும் வரவில்லை, ஆனால் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போனால் தமிழ்99 என்ற பெயரே இல்லை. என்ன விட்டுப்போச்சு?

பதில் 1:
லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வாங்க. ஐபஸ் ஏற்கெனவே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், புதிதாக வந்ததை அது தானாகப் பார்க்காது. அப்புறம் கீபோர்டு பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி, கீழே மூன்று புள்ளி, அதற்குள் தமிழ் என்று தேடினால் தமிழ்99 (எம்17என்) கிடைக்கும்.

பதில் 2:
அவர் சொன்னது சரி. ஒன்று மட்டும் கவனம்: அதே பட்டியலில் தமிழ்நெட் 99 என்றும் இருக்கும், அதை எடுக்காதீங்க, எம்17என் என்று அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் வேண்டும். மொழி மாற்ற விண்டோஸ் சாவியோடு ஸ்பேஸ். சோதிக்க ஆங்கில எழுத்துச் சாவிகள் ஏ, கே, கே, கியூ (A, K, K, Q) வரிசையாகத் தட்டிப் பாருங்க, முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழுந்து 'அம்மா' என்று வரணும்.

கேள்வி கேட்டவர்:
வந்துவிட்டது! லாக் அவுட்தான் குறை. அப்பா இப்போது பெரியப்பாவுக்குக் கடிதம் தட்டிக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் ரொம்ப நன்றி.