பாட்டியின் கட்டில்: எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழு

சித்ரா அத்தை: அம்மாவை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இடுப்பு அறுவைக்குப் பிறகு தாழ்வான கட்டில் ஆகாதாம். கவின், தானே உயரும் கட்டில் என்ன ஆயிற்று?

கவின்: வரைபடம் முடிந்தது அத்தை. செய்து முடிக்கும் வரை வாடகைக் கட்டில் போடலாம். சட்டத்துக்கு 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சதுர இரும்புக் குழாய். மோட்டார் தூக்கும் பாரமெல்லாம் ஒரே மூட்டில் விழுகிறது. மரத்தில் திருகு போட்டால் நாளடைவில் தளர்ந்துவிடும், அங்கே வெல்டிங்தான். துளை, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே பவுடர் கோட்டிங், அதாவது பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு. பூசிய பின் வெல்டிங் வைத்தால் பூச்சு கருகி, அந்த இடத்தில் துரு ஏறும்.

பெரியப்பா: இரும்பா? மச்சில் பர்மா தேக்கு கிடக்கிறதே.

சித்ரா அத்தை: பாகம் பிரித்தபோது கணக்கில் வராத தேக்கா, அண்ணா?

பெரியப்பா: அதை இப்போது ஏன் எடுக்கிறாய்?

மணி மாமா: ஆரம்பித்தாயிற்று.

கவின்: தலைமாட்டுக்கும் பக்கப் பலகைக்கும் அந்தத் தேக்கேதான் பெரியப்பா. பல வருடம் உலர்ந்த மரம். கணினி சொல்படி வெட்டும் சி.என்.சி. இயந்திரத்தில் ஏற்றுமுன் பழைய ஆணிகளைப் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டும் பிட் முறியும். கைபேசியை மேலே வைத்தாலே சார்ஜ் ஆகும்படி பலகையை அடியில் குடைந்து சார்ஜரைப் பொருத்தி, மேலே 3 மில்லிமீட்டர் மரம் மட்டும் விடுகிறேன். முழுக் கனத்துக்கும் சார்ஜ் எட்டாது.

மணி மாமா: சார்ஜ் தீராவிட்டால் அம்மா விடியற்காலை 4 மணிக்கே எல்லோரையும் அழைப்பார்!

உமா சித்தி: ஷாக் அடிக்காதா?

கவின்: மோட்டாருக்குப் போவது 24 வோல்ட்தான் சித்தி. வீட்டு மின்சாரத்தை அப்படிக் குறைக்கும் அடாப்டர் சுவரோரம் இருக்கும். மின்சாரம் போனால் இறக்குவதற்கு பேட்டரி உண்டு. மெத்தைக்கு அடியில் தண்ணீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட். மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டாம், தண்ணீர் பட்டால் ஊதிவிடும்.

உமா சித்தி: வெள்ளிக்கிழமை சமையல் யார்? எனக்கு அன்று பள்ளியில் தேர்வுப் பணி.

மணி மாமா: ரசம் மட்டும் நான்.

பெரியப்பா: கட்டில் என் வீட்டு முன்னறைக்குள் நுழையுமா?

சித்ரா அத்தை: அம்மா என்னோடு இருப்பதாகத்தானே பேச்சு?

கவின்: அதனால்தான் பக்கச் சட்டங்களை வெல்டிங் வைக்காமல் போல்ட்டில் பூட்டுகிறேன். கழற்றி எந்த வீட்டுக்கும் கொண்டுபோகலாம். நாளை ஆசாரியுடன் வருகிறேன். மச்சுச் சாவி யாரிடம்?

பெரியப்பா: சித்ராவிடம் கேள்.

சித்ரா அத்தை: என்னிடமா?