லாபம் 5 கோடி தாண்டிவிட்டது: சிஎஸ்ஆர் பணத்தில் பள்ளிக் கழிப்பறை செய்யலாமா?

கேள்வி: தறிச்சத்தம்

கரூரில் பெட்ஷீட், மேசைவிரிப்பு ஏற்றுமதி செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. வரிக்கு முந்தைய லாபம் 2022-23ல் 2.1 கோடி, 2023-24ல் 3.4 கோடி, 2024-25ல் 5.6 கோடி. 2025-26ல் சிஎஸ்ஆர் (கம்பெனியின் சமூகப் பொறுப்பு) செலவு செய்தே ஆக வேண்டும் என்று ஆடிட்டர் சொல்கிறார். போர்டில் ஆளுக்கொரு யோசனை:

1. பக்கத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை. கம்பெனி ஊழியர்களின் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். அது இடிக்குமா?
2. சொந்தத் தயாரிப்பு பெட்ஷீட்டுகளை அரசு மருத்துவமனைக்குக் கொடுத்து, விற்பனை விலையில் கணக்குக் காட்டுவது.
3. ஊர்க்கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுப்பது.
4. இயக்குநர்களின் குடும்ப டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது.

எவ்வளவு செலவு செய்ய வேண்டும், இதில் எது செல்லும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

பதில் 1: பற்றுவரவு

முதலில் தொகை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135: முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலே போதும். நீங்கள் லாபத்தில் மாட்டியிருக்கிறீர்கள். முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2%. உங்கள் கணக்கில் 11.1 கோடியை மூன்றால் வகுத்தால் 3.7 கோடி, அதில் 2% 7,40,000 ரூபாய்.

ஆனால் 5.6 கோடி எப்படி வந்தது என்று ஒருமுறை பாருங்கள். இங்கே லாபம் என்பது பிரிவு 198 முறையில் போடும் லாபம். பழைய ஷெட் இருந்த நிலத்தை விற்ற மூலதன லாபம் அதில் சேராது. அப்படி ஒன்று உள்ளே இருந்து, அதைக் கழித்தால் 5 கோடிக்குக் கீழே வருமென்றால் இந்த ஆண்டு கடமையே இல்லை. ஏற்றுமதி லாபத்தைக் கழிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியாது. வெளிநாட்டில் கிளை வைத்து அங்கே ஈட்டியதுதான் கழியும்.

தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் தனி சிஎஸ்ஆர் கமிட்டி வேண்டாம், போர்டு தீர்மானமே போதும். 'செலவழியாத சிஎஸ்ஆர்' வங்கிக் கணக்கில் பணம் வைத்திருந்தால் மட்டும் கமிட்டி கட்டாயம்.

இனி உங்கள் நான்கு யோசனைகள். பள்ளி செல்லும். ஊழியர் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வடிவமைத்தால்தான் தவறு. ஊருக்கே பொதுவான பள்ளியில் அவர்களும் படிப்பது இடையூறு இல்லை.

பெட்ஷீட் செல்லாது. சட்டத்தின் சொல் 'செலவு செய்ய வேண்டும்' என்பது. பொருளாகக் கொடுத்துவிட்டு அதற்கு விலை போட்டுக் காட்டுவதைக் கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டு சுற்றறிக்கையில் தெளிவாக மறுத்துவிட்டது. கொடுக்கத் தடை இல்லை, 7.4 லட்சத்தில் மட்டும் சேராது.

கும்பாபிஷேகம் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், அதாவது சிஎஸ்ஆரில் செய்யத்தக்க வேலைகளின் பட்டியலில், எந்த இனத்திலும் உட்காராது. வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடத்தைப் புதுப்பிப்பதற்கு ஓர் இனம் உண்டு. விழாச் செலவை அதற்குள் திணிக்காதீர்கள்.

குடும்ப டிரஸ்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கம்பெனியே தொடங்கிய டிரஸ்ட் வேறு, இயக்குநர்கள் தனிப்பட்ட முறையில் தொடங்கியது வேறு. இரண்டுக்குமே வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் வாங்கிய எண்ணும் வேண்டும். இரண்டாவது வகைக்குக் கூடுதலாக, இதே மாதிரியான வேலையில் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். டிரஸ்டின் மூலநிதியில் சேர்ப்பது 2021 ஜனவரி 22க்குப் பிறகு செலவாகவே ஏற்கப்படுவதில்லை. 'மறந்துவிடுவது' என்பதும் நடக்காது. டிரஸ்டுக்கு அனுப்பியது செலவு ஆகாது, டிரஸ்ட் செலவழித்தால்தான் ஆகும். அந்தப் பணம் சொன்ன வேலைக்கே போனதென்று உங்கள் நிதிப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

மார்ச் கடைசி வாரத்தில் போன் வரும்: 'ரசீது தருகிறோம், கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம்.' அது சிஎஸ்ஆர் மீறல் அல்ல, மோசடி. போனை வைத்துவிடுங்கள்.

என் யோசனை: நடுவில் யாரும் வேண்டாம். கம்பெனியே நேரடியாக வேலையைச் செய்யலாம். வேலை செய்யும் கான்ட்ராக்டருக்கு சிஎஸ்ஆர்-1 தேவையில்லை.

பதில் 2: கலவைமேடை

கணக்கைப் பற்றுவரவு சார் சொல்லிவிட்டார். நான் கழிப்பறைக்கு வருகிறேன்.

புதுக் கட்டடம் கட்டாதீர்கள். அந்தப் பள்ளியில் ஏற்கெனவே ஒரு கழிப்பறை பூட்டிக் கிடக்கும், போய்ப் பாருங்கள். அடித்தளமும் சுவரும் நன்றாக இருந்தால் அதைச் சரி செய்வதுதான் 7.4 லட்சத்துக்கு ஏற்ற வேலை.

பூட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் அரசுப் பள்ளிகளில் கட்டிய கழிப்பறைகளைத் தணிக்கை செய்த சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை 2020ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நேரில் போய்ப் பார்த்தவற்றில் 72 சதவீதத்தில் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை, 55 சதவீதத்தில் கை கழுவ வசதி இல்லை. கட்டியவர்களிடம் பணத்துக்குக் குறைவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பகல்நேரப் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 45 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவு. 120 பெண் பிள்ளைகள் என்றால் 5,400 லிட்டர். ஆனால் மேலே 500 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள். முதல் இன்டர்வெல்லிலேயே அது காலி. மோட்டார் போட ஆள் வருவதற்குள் பீங்கான் அடைத்துக்கொள்ளும், அடுத்த வாரம் பூட்டுத் தொங்கும். 2,000 லிட்டர் டேங்க் ஒன்று, மட்டம் குறைந்தால் தானே ஓடும் மிதவை சுவிட்ச், தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடிக் கெடாதபடி டிரை ரன் பாதுகாப்பு, மூன்றும் வேண்டும். போர் வற்றும் ஊர் என்றால் ஊராட்சிக் குழாய் இணைப்பும் சேர்த்துக் கேளுங்கள்.

40 பேருக்கு ஒரு கழிப்பறை, 20 பேருக்கு ஒரு யூரினல். 120 பேருக்கு மூன்றும் ஆறும். மூன்றில் ஒன்று சரிவுப்பாதை, கைப்பிடி, வெளிப்பக்கம் திறக்கும் கதவுடன் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு. பீங்கான் வாங்கும்போது 'ரூரல் பேன்' என்று கேட்டு வாங்குங்கள். சரிவு அதிகம், இரண்டு லிட்டர் ஊற்றினால் போய்விடும். சாதாரணத்துக்கு அதைப்போலப் பல மடங்கு தண்ணீர் வேண்டும்.

உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. இரும்புக் கதவு கீழ் விளிம்பிலிருந்து துரு ஏறி, இரண்டு வருடத்தில் தாழ்ப்பாள் நிற்காது. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்கு எந்தப் பெண் பிள்ளையும் போகாது, தண்ணீர் எவ்வளவு கொட்டினாலும் சரி. பிவிசி அல்லது ஃபைபர் கதவு, ஸ்டெயின்லெஸ் கீல், பிளாஸ்டிக் குழாய். பித்தளைக் குழாய் மாட்டினால் விடுமுறையில் கழன்றுபோகும்.

உள்ளே ஒரு கொக்கி, ஒரு அலமாரித் தட்டு, மூடியுள்ள குப்பைத்தொட்டி. ஐந்நூறு ரூபாய் சமாச்சாரம்தான், வரைபடத்தில் மட்டும் ஒருநாளும் இருக்காது.

பதில் 3: தறிச்சத்தம்

இருவருக்கும் நன்றி. போர்டில் ஒருவர், 'கட்டிக் கொடுத்துப் பெயர்ப்பலகை வைப்போம், துடைப்பதெல்லாம் நம் வேலையா' என்கிறார். பராமரிப்புச் செலவும் சிஎஸ்ஆரில் வருமா?

பதில் 4: பற்றுவரவு

வரும். 'தொடர் திட்டம்' என்று போர்டில் தீர்மானம் போடுங்கள். தொடங்கும் ஆண்டு போக மேலும் மூன்று நிதியாண்டு வரை நீட்டலாம். உங்கள் 7.4 லட்சத்தை இப்படிப் பிரிக்கலாம்: பழுதுபார்ப்பு 4,40,000. துப்புரவு ஆளுக்கும் பினாயில், பிரஷ் வகைக்கும் மாதம் 8,000, ஆண்டுக்கு 10 மாதம், மூன்று ஆண்டுக்கு 2,40,000. மோட்டார் பழுது, செப்டிக் டேங்க் லாரிக்கு 60,000.

வொர்க் ஆர்டர் 2026 மார்ச் 31க்குள் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் திட்டம் தொடங்கியதாகவே கொள்ள முடியாது. அன்று வரை செலவாகாத மிச்சத்தை ஏப்ரல் 30க்குள் ஷெட்யூல்டு வங்கி ஒன்றில் 'செலவழியாத சிஎஸ்ஆர்' என்ற தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து மாதாமாதம் எடுங்கள். தொடர் திட்டம் என்று தீர்மானிக்காமல் விட்டால் மிச்சம் முழுவதையும் செப்டம்பர் 30க்குள் பிரதமர் நிவாரண நிதி போல ஏழாம் அட்டவணையில் சொன்ன நிதி ஒன்றுக்குக் கட்டிவிட வேண்டும். முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் சிஎஸ்ஆரில் சேராது, இதைப் பலர் தெரியாமல் செய்கிறார்கள்.

இரண்டும் செய்யாவிட்டால் கம்பெனிக்கு அபராதம்: அந்தக் கணக்கிலோ நிதியிலோ கட்டியிருக்க வேண்டிய தொகையைப்போல் இரண்டு மடங்கு அல்லது 1 கோடி, எது குறைவோ அது. முழுத் தொகையையும் விட்டால் உங்களுக்கு 14.8 லட்சம். தவறிய அதிகாரி ஒவ்வொருவருக்கும் கட்டியிருக்க வேண்டிய தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 லட்சம், எது குறைவோ அது, அதாவது 74,000.

ஜிஎஸ்டியை மறக்காதீர்கள். சிஎஸ்ஆர் வேலைக்கு வாங்கும் பொருள், சேவை எதற்கும் 2023 அக்டோபர் 1 முதல் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது. கான்ட்ராக்டர் '4.4 லட்சம் பிளஸ் ஜிஎஸ்டி' என்று கொட்டேஷன் கொடுத்தால் 18 சதவீதம் கூடி 5.19 லட்சம் ஆகிவிடும், பராமரிப்புப் பணம்தான் அதில் கரையும். வரி உட்பட என்றே விலை கேளுங்கள். இந்தச் செலவை வருமான வரியில் வியாபாரச் செலவாகவும் கழிக்க முடியாது.

பதில் 5: பழைய பேரேடு

பெயர்ப்பலகை கேட்கும் இயக்குநருக்கு ஒரு வார்த்தை. 2% என்பது தர்மம் இல்லை, கட்டாயம். அதைக் கொடுத்துவிட்டு வள்ளல் பட்டம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். கொடை அந்த 7.4 லட்சத்துக்கு மேலேதான் தொடங்கும். உங்கள் பெட்ஷீட் யோசனையையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் சேராது என்று தெரிந்த பிறகும் அனுப்பினால் அது கொடை.

'துடைப்பது நம் வேலையா' என்ற கேள்விக்குக் காரைக்குடியில் ஒரு விடை இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு அழகப்பச் செட்டியார் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948ல் அடிக்கல், 1953ல் திறப்பு. சம்பளத்தையும் கருவிகளையும் பார்த்துக்கொள்ள மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் (சிஎஸ்ஐஆர்) பின்னால் இருந்தது, அதனால் இன்றும் ஓடுகிறது. அவர் கொடுத்தது பெரிது, யாரிடம் கொடுத்தார் என்பது அதைவிடப் பெரிது. நடுநிலைப் பள்ளிக் கழிப்பறைக்கு அப்படி ஒரு பின்துணை இல்லாதபோது, மாதம் 8,000த்தை நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும்.

பதில் 6: கலவைமேடை

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. தறிச்சத்தம், வேலை தொடங்குமுன் இந்தக் காகிதங்களைக் கையில் வாங்கிவிடுங்கள்: தலைமை ஆசிரியரின் கோரிக்கைக் கடிதம், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், கல்வித் துறையின் அனுமதி. ஒன்றியப் பள்ளி என்பதால் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்திலும் ஒரு கடிதம். அது இல்லாமல் சுவரில் கை வைத்தால் ஒன்றியப் பொறியாளர் வேலையை நிறுத்தலாம்.

முடிந்ததும் டேங்க், மோட்டார், கதவு எல்லாவற்றையும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி ஒப்படைப்புக் கையெழுத்து வாங்குங்கள். சிஎஸ்ஆரில் உருவான சொத்து கம்பெனி பெயரில் இருக்கக் கூடாது. மோட்டாரின் மின் இணைப்பு யார் பெயரில், பில் யார் கட்டுவது என்பதையும் அந்த ஒப்படைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

பணத்தைத் துப்புரவு ஆளின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். மேலாண்மைக் குழுவிலுள்ள ஒரு அம்மா வாரம் ஒருநாள் பார்த்து, தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, குப்பை எடுத்தாயிற்றா என்று மூன்று கட்டத்தில் டிக் போட்டு வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினால் போதும்.

கடைசியாக, சாவி. இரண்டு செட் போடுங்கள், ஒன்று ஆயாவிடம், ஒன்று எட்டாம் வகுப்பு லீடரிடம். எச்எம் மேசை டிராயருக்குள் போன சாவி, அதிகாரி பார்வையிட வரும் நாளில்தான் வெளியே வரும்.

பதில் 7: தறிச்சத்தம்

புதன்கிழமை போர்டு மீட்டிங். தொடர் திட்டமாகவே தீர்மானம் வைக்கிறோம். பெட்ஷீட் தனியாகப் போகும், சிஎஸ்ஆர் செலவில் சேர்க்காமல். பூட்டிக் கிடந்த பழைய கழிப்பறையை இன்று பார்த்தாயிற்று: சுவர் பரவாயில்லை, டேங்க் 500 லிட்டர்தான்.