புணேயிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஒரு நாய், இரண்டு பூனைகளுடன் காரில் குடிபெயர்தல்: ஆலோசனை தேவை

புணேவாசி:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் பணி ஓய்வு பெற்றுவிட்டதால், புணேயில் நெடுங்காலமாக வாழ்ந்த அடுக்குமாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, பாளையங்கோட்டையில் என் மாமனார் காலத்து வீட்டுக்கே திரும்பிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். அது நடுவில் முற்றமும் பின்கட்டில் கிணறும் உள்ள ஓட்டு வீடு. சில ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. மார்ச் மாத இறுதியில் புறப்பட எண்ணியிருக்கிறோம்.

கட்டில், சாப்பாட்டு மேசை, இரும்பு பீரோ, சோபா ஆகியவற்றை விற்றும் கொடுத்தும் குறைத்துவிட்டோம். எஞ்சியிருப்பவை பாத்திரங்கள், துணிமணிகள், புத்தகங்கள், தையல் இயந்திரம், சுவாமி படங்கள் ஆகியவை மட்டுமே. இவ்வளவு குறைந்துவிட்டதால், தனி லாரி பிடிக்காமல் எல்லாவற்றையும் எங்கள் சிறிய காரிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது என் கணவரின் எண்ணம். எனக்கோ எங்களுடன் வரவேண்டிய மூன்று உயிர்களைப் பற்றித்தான் கவலை. ஒன்பது வயதான நாட்டு நாய் ஒன்று. கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனை ஒன்று. அதனுடன் வளர்ந்த பெண் பூனை ஒன்று. நாய்க்குக் காரில் ஏறினால் வாந்தி வரும். பூனைகள் மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் போனதில்லை.

மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்து அழைத்துச் செல்லலாம் என்கிறார் ஓர் உறவினர். நாயை மட்டும் ரயிலில் அனுப்பிவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். புணேயிலேயே ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். அதற்கு மட்டும் நாங்கள் உடன்படப் போவதில்லை. இப்படிப் பயணம் செய்தவர்களும் விவரம் அறிந்தவர்களும் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

கால்நடை மருத்துவர்:

வணக்கம் அம்மா. நான் வளர்ப்பு விலங்குகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். மூன்றையும் உடன் அழைத்துச் செல்வது என்ற உங்கள் முடிவு மிகவும் சரியானது. ஒன்பது வயது நாய்க்கு நீங்கள் இருவருமே வீடு. சுவர்கள் மாறினாலும் நீங்கள் மாறாதவரை அது ஈடுகொடுத்துவிடும்.

முதலில் மயக்க மருந்து பற்றி. முன்பு வழக்கமாகக் கொடுக்கப்பட்ட அசிப்ரோமசின் போன்ற மருந்துகள் விலங்கை அசையாமல் கிடக்கச் செய்யுமே தவிர, அதன் அச்சத்தைப் போக்குவதில்லை. அத்துடன் இரத்த அழுத்தத்தைக் குறைத்து, உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் ஆற்றலையும் பாதிக்கும். கோடையின் தொடக்கத்தில், வயதான நாய்க்கு, ஓடும் காரில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வாந்திக்கு மாரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது. நாய்களின் பயண வாந்திக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட இதைப் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு சிறிதளவு உணவுடன் கொடுப்பார்கள். பூனைகளின் பதற்றத்துக்குக் காபாபென்டின் கொடுப்பதுண்டு. இரண்டுக்கும் உடல் எடையைப் பார்த்து உங்கள் மருத்துவர்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். எந்த மருந்தானாலும் பயண நாளில் முதன்முறையாகக் கொடுக்காதீர்கள். ஓரிரு வாரங்கள் முன்பே வீட்டில் கொடுத்துப் பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது என்று கவனியுங்கள். மனிதர்களுக்கான மருந்துகளை வழியில் அவசரத்துக்குக்கூடக் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயணத்துக்கு முன் நாய்க்கு உண்ணி மருந்து விடுவது நல்லதுதான். ஆனால் முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் உள்ளது. அது பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. நாயும் பூனைகளும் ஒரே காரில் நெருங்கி இருக்கப் போவதால், பெர்மெத்ரின் இல்லாத மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

பூனைகளுக்கு ஆளுக்கொரு கடினமான பிளாஸ்டிக் கூண்டு தேவை. எவ்வளவு ஒற்றுமையாக வளர்ந்திருந்தாலும் ஒரே கூண்டில் இரண்டையும் அடைக்காதீர்கள். மேற்புறமும் திறக்கக்கூடியதாக இருந்தால் வழியில் கையாள்வது எளிது. அந்தக் கூண்டுகளை இன்றைக்கே வாங்கிக் கதவைத் திறந்து கூடத்தில் வைத்து, உள்ளே பழைய துணியை விரித்து, உணவையும் அங்கேயே வையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும் கூண்டு பூனைக்கு எதிரியாகிவிடுகிறது. தினமும் படுத்துறங்கும் கூண்டு அதற்குச் சொந்த இடமாகிவிடும். காரில் கூண்டின் மேல் மெல்லிய துணியைப் போர்த்தி, இருக்கை வாரால் கட்டிவிடுங்கள். நாய்க்கு மார்பையும் தோளையும் சுற்றிவரும் ஹார்னஸ் அணிவித்து அதை வாருடன் இணைக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் மட்டும் கட்டினால் திடீரென்று பிரேக் போடும்போது கழுத்து முறியக்கூடும்.

பூனைகள் பயண நாளில் சாப்பிடாமலும் சிறுநீர் கழிக்காமலும் இருந்துவிடுவது பொதுவானதே. ஆனால் ஒரு முழு நாள் கடந்தும் சிறுநீர் கழிக்கவில்லை என்றாலோ, ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியும் எதுவும் வரவில்லை என்றாலோ, அது சிறுநீர்ப்பாதை அடைப்பாக இருக்கலாம்; அந்த நேரத்தில் ஊர் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உங்கள் வழியில் பெங்களூரு ஹெப்பாளத்திலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. திருநெல்வேலியிலேயே இராமையன்பட்டியில் ஒரு கல்லூரி உண்டு. மூன்றின் தொலைபேசி எண்களையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும் மற்றத் தடுப்பூசி விவரங்களும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

தஞ்சைக்குத் திரும்பியவர்:

சகோதரிக்கு வணக்கம். நாங்களும் நாக்பூரிலிருந்து தஞ்சாவூருக்குப் பூனைகளுடன் காரில் குடிபெயர்ந்தவர்கள் என்பதால், பொருள்களைக் குறைப்பது பற்றி மட்டும் சில செய்திகளைச் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் எண்ணம் புரிகிறது. ஆனால் பொருள்களைக் குறைத்ததன் பயன், எஞ்சியதையெல்லாம் காருக்குள் திணிப்பதில் இல்லை என்பது என் கருத்து. குறைத்ததால் காரில் கிடைத்த இடம் அந்த மூன்று உயிர்களுக்கே உரியது. பின்னிருக்கையில் நாயும் இரண்டு கூண்டுகளும் இருந்தால், அதற்குமேல் ஒரு மூட்டைகூட அங்கே இருக்கக் கூடாது. வளைவில் சரிந்து விழும் அட்டைப்பெட்டி பூனைக்கு எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பதை எண்ணிப் பாருங்கள். கூண்டுகளைச் சுற்றிக் காற்றோட்டமும் வேண்டும். குளிர்சாதனக் காற்று பின்னால் வந்து சேரும் வழியை மூட்டைகள் அடைத்துவிட்டால், முன்னிருக்கையில் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

பாத்திரம், புத்தகம், தையல் இயந்திரம் எல்லாவற்றையும் பார்சல் லாரியில் போட்டுவிடுங்கள். முழு லாரி பிடிக்கத் தேவையில்லை. பலருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றும் லாரிகளில் இடத்துக்கு மட்டும் வாடகை கொடுத்தால் போதும். அவை வந்துசேரச் சில நாள் கூடுதலாக ஆகும் என்பதால், பயணத்திலும் முதல் வாரத்திலும் தேவைப்படுபவற்றை மட்டும் காரின் டிக்கியில் வையுங்கள்.

விற்க முடியாமல் எஞ்சிய சில்லறைப் பொருள்களுக்குப் புணேயிலேயே வழி இருக்கிறது. புதன், ஞாயிறுகளில் கூடும் ஜூனா பஜாரில் பழைய பொருள் வாங்குபவர்களைப் பார்க்கலாம். குப்பை சேகரிக்கும் தொழிலாளர்களே நடத்தும் ஸ்வச் கூட்டுறவு அமைப்பினர் துணிகளையும் பழைய மின்சாதனங்களையும் பெற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கொடுப்பது எனக்கு மிகவும் மனநிறைவு தரும் ஏற்பாடாகத் தோன்றுகிறது.

ஆனால் தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். பழையது, அழுக்கு என்று கழிக்கும் பட்டியலில் நாயின் பழம்பாயும், பூனைகள் நகத்தால் பிராண்டிக் கிழித்த கோணிச் சாக்கும், அவை படுத்துறங்கிய போர்வையும் சேர்ந்துவிட வேண்டாம். புது ஊரில் புது மெத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று நாம் நினைப்போம். அவற்றுக்கோ அந்த வாடைதான் வீட்டின் அடையாளம். அவற்றைத் துவைக்காமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். வீட்டைக் காலி செய்வதிலும் ஒரு வரிசை உண்டு: ஓர் அறையை மட்டும் கடைசி நாள் வரை கலைக்காமல் வைத்திருந்து, லாரிக்கு ஆட்கள் சாமான் ஏற்ற வரும் நாளில் பூனைகளை அந்த அறையில் அடைத்து, கதவில் "திறக்கக் கூடாது" என்று மராத்தியில் எழுதி ஒட்டிவிடுங்கள். திறந்து கிடக்கும் வாசற்கதவும் அந்நியர்களின் நடமாட்டமும் சேரும் அந்த நாளில்தான் பூனைகள் காணாமற்போகின்றன.

புணேவாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். பார்சல் லாரிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். நாயின் பாயை நான் உண்மையிலேயே கழிக்கும் மூட்டையில்தான் கட்டி வைத்திருந்தேன், எடுத்து வைத்துவிட்டேன். வழி, தங்குமிடம், ரயில் ஆகியவை பற்றியும், பூட்டிக் கிடந்த வீட்டை எப்படித் தயார் செய்வது என்பது பற்றியும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

நெடுஞ்சாலைப் பயணி:

ரயிலில் நாயைத் தனியாக அனுப்புவதை மறந்துவிடுங்கள். முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் இருவர் அல்லது நால்வர் அறையை முழுவதுமாக உங்கள் பெயரில் பதிவு செய்தால்தான் நாய் உங்களுடன் இருக்க முடியும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில்தான் போக வேண்டும். கோடையில் அது பெரும் துன்பம்.

சாலை வழியாக மொத்தம் ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் வரும். புணேயிலிருந்து சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, தும்கூர் வழியாகப் பெங்களூரு வரை தேசிய நெடுஞ்சாலை 48. பின்பு ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 44. இரண்டு நாளில் ஓட்டிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். விலங்குகளுடன் செல்லும் உங்களுக்கு மூன்று நாள்களாவது வேண்டும். நான்கு என்றால் இன்னும் நல்லது. முதல் இரவு ஹூப்ளி, இரண்டாம் இரவு ஓசூர் அல்லது கிருஷ்ணகிரி என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான் வரும். பெங்களூரு நகரத்துக்குள் நுழையாமல் தும்கூர் சாலையிலிருந்து நைஸ் சாலையைப் பிடித்தால் ஓசூர் சாலையில் போய்ச் சேர்ந்துவிடலாம். நெரிசலில் நின்று நின்று போவதுதான் நாயின் வயிற்றைப் புரட்டும். முதல் நாள் கம்பட்கி மலைப்பாதையிலும், மூன்றாம் நாள் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாயிலும் மெதுவாகச் செல்லுங்கள். தொப்பூர் இறக்கம் விபத்துகளுக்குப் பெயர்போனது.

மார்ச் இறுதியில் வெயில் கடுமையாகத் தொடங்கிவிடும். கரூர் பரமத்தி தமிழகத்தின் மிக வெப்பமான இடங்களுள் ஒன்று. அந்தப் பகுதியை நண்பகலில் கடக்காதபடி கிருஷ்ணகிரியிலிருந்து விடியுமுன் புறப்பட்டுவிடுங்கள். சாப்பிட நிற்கும்போது ஒருவர் மாறி ஒருவர் போங்கள். எஞ்சின் நின்ற காரில் விலங்குகளைத் தனியே விடவே கூடாது. வெளியே 24 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருக்கும்போதுகூட, மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 34 டிகிரியும் அரை மணி நேரத்தில் 43 டிகிரியும் ஆகிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் ஏற்படுவதில்லை.

தாபாக்களின் முன்னால் தெருநாய்கள் கூட்டமாக இருக்கும் என்பதால், நாயை நடக்கவிடப் பெட்ரோல் பங்குகளின் ஒதுக்குப்புறம் நல்லது. பூனைக் கூண்டுகளை விடுதி அறைக்குள் சென்று, கதவையும் குளியலறை ஜன்னலையும் சாத்திய பிறகே திறக்க வேண்டும். விடுதிகளில் "விலங்குகளுக்கு அனுமதி உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் உண்டு என்பார்கள், நேரில் போனதும் மறுப்பார்கள். ஒரு நாய், இரண்டு பூனைகள் என்று தெளிவாகச் சொல்லி எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கால்நடை மருத்துவர்:

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பூட்டிக் கிடந்த வீடு என்றால் யாராவது எலி மருந்து வைத்திருப்பார்கள். பரண், அடுப்படி மூலை, பின்கட்டு முழுவதும் தேடி அகற்றச் சொல்லுங்கள். எலி மருந்தைத் தின்ற எலியைப் பூனை தின்றாலும் ஆபத்துதான். நீங்கள் வருவதற்கு முன் உறவினர்கள் அன்போடு வீடு முழுவதும் ஃபினைல் ஊற்றிக் கழுவி வைப்பார்கள். பூனையின் ஈரலால் அதில் உள்ள வேதிப்பொருளை எளிதில் சிதைத்து வெளியேற்ற முடியாது. பாதத்தில் பட்டதை நக்கினாலே உடலுக்குள் போய்விடும். சோப்புத் தண்ணீர் போதும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

முற்றம் திறந்திருப்பதும் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே சந்து இருப்பதும் பூனைகளுக்குத் தப்பிக்கும் வழிகள். ஆகவே கூரைச் சந்து இல்லாத, கதவு நன்றாகச் சாத்தக்கூடிய ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, மணல் தட்டு, தண்ணீர், பழைய போர்வை எல்லாவற்றையும் அங்கே வைத்து, முதல் ஓரிரு வாரங்கள் பூனைகளை அதற்குள்ளேயே வைத்திருங்கள். அவை நன்றாகச் சாப்பிட்டு, மறைவிடத்திலிருந்து வெளியே வந்து உங்களிடம் உரசத் தொடங்கிய பின்பு வீட்டின் மற்றப் பகுதிகளைச் சிறிது சிறிதாகக் காட்டலாம். பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிடும் பூனைகள் உண்டு என்பதால், ஒரு மாதமாவது வெளியே விடாதீர்கள். இரண்டு நாள்களுக்கு மேல் ஒரு பூனை எதையும் உண்ணாவிட்டால் இராமையன்பட்டிக்கு அழைத்துச் செல்லுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து நோய் வரும்.

கிணற்றுக்கு இரும்பு வலை போடும் வேலையை நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். புது இடத்தில் இரவில் சுற்றிப் பார்க்கும் நாய்க்குக் கைப்பிடிச் சுவரின் உயரம் தெரியாது. கார் புணேயிலிருந்து கிளம்புமுன் அந்த வலை போடப்பட்டுவிட்டதா என்று உறவினரிடம் புகைப்படம் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.