ஏடிஎச்டி என்கிற கவனக்குறைபாட்டுக்கு அடோமாக்செடின் மாத்திரை 12 நாளாகச் சாப்பிடுகிறேன், மாற்றமே இல்லை. மெத்தில்ஃபெனிடேட் என்கிற இன்னொரு மருந்தை டாக்டரிடம் கேட்கலாமா?

குலசேகரம் கடைக்காரன்:
வயது 38. ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறேன். எடை போட்டு எழுதும்போது ஒரு போன் வந்தால் போதும், எழுத்து பாதியில் நின்றுவிடும், சாயங்காலம் கணக்கு இடிக்கும். கையில் பணம் இருந்தும் கரண்ட் பில் கட்ட மறந்து இரண்டு தடவை லைன் போயிற்று. மனைவி ஒன்று சொல்லி முடிப்பதற்குள் என் புத்தி வேறெங்கோ போய்விடும். அவள் அழுத பிறகுதான் டாக்டரிடம் போனேன். சின்ன வயதிலிருந்தே இப்படியா என்று அம்மாவிடமும் விசாரித்துவிட்டு, ஏடிஎச்டி என்றார். அடோமாக்செடின் 40 மில்லிகிராம் எழுதினார். வாய் வறள்கிறது, பசி இல்லை, வேறு மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. மெத்தில்ஃபெனிடேட் என்றால் அன்றைக்கே தெரியும் என்கிறான் மச்சினன்.

தக்கலை டீச்சர்:
தம்பி, 12 நாளை வைத்து முடிவு பண்ணாதீங்க. எனக்கு 41 வயதில்தான் கண்டுபிடித்தார்கள். அதே மாத்திரைதான். அது மெதுவாகத்தான் வேலை செய்யும், பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். பெரியவர்களுக்கு 40ல் தொடங்கி 80க்குக் கொண்டுபோவது வழக்கம். ஆறாவது வாரம் ஒருநாள் ஒரு கட்டு விடைத்தாளை நடுவில் எழுந்திருக்காமல் திருத்தி முடித்தேன். முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தக் கட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வெறும் வயிற்றில் கட்டன் சாயாவோடு போட்டுக் குமட்டலில் தவித்தேன். புட்டும் பயறும் சாப்பிட்ட பிறகு போட்டதும் குறைந்துவிட்டது.

மச்சினன் சொல்வதும் சரிதான். மெத்தில்ஃபெனிடேட் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும், சாதாரண வகை நாலு மணி நேரத்தில் இறங்கிவிடும். அதை முதலில் கொடுக்கும் டாக்டர்களும் உண்டு, அதனால் கேட்பதில் தப்பில்லை. இரண்டுமே நாடித்துடிப்பையும் பிரஷரையும் கூட்டலாம், பார்த்துக்கொள்ளுங்க.

அப்புறம், சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையை விட்டுவிடாதீங்க. மாத்திரை மனதை ஓர் இடத்தில் நிறுத்தும், பழக்கத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். போனைத் தராசுக்கு எட்டாத இடத்தில் வையுங்க. ஒரு தடவையாவது மனைவியையும் கூட்டிப் போங்க. என் வீட்டுக்காரர் வந்த அன்றைக்குத்தான், நான் அவரை மதிக்காமல் அப்படி இருக்கவில்லை என்று அவருக்குப் புரிந்தது.

மார்த்தாண்டம் மெடிக்கல்ஸ்:
மெத்தில்ஃபெனிடேட் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்து. சீட்டு இல்லாமல் தரக் கூடாது, எல்லாக் கடையிலும் இருக்காது. யாராவது கையில் கொடுத்தால் வாங்காதீங்க. இன்னொன்று: மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்செடின், பராக்செடின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அவை ரத்தத்தில் அடோமாக்செடின் அளவை ஏற்றிவிடும். மூத்திரம் போகச் சிரமம், கண் மஞ்சளாவது, உயிரை விடத் தோன்றுவது, எது வந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்க. ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

குலசேகரம் கடைக்காரன்:
அக்கா, நன்றி. அண்ணே, இப்போதுதான் ஸ்ட்ரிப்பை எடுத்துப் பார்த்தேன். மனச்சோர்வுக்கு என்று இரண்டு வருடமாகச் சாப்பிடுவது ஃப்ளூவாக்செடின்தான். டாக்டரிடம் அதைச் சொல்லவே மறந்துவிட்டேன்.

மார்த்தாண்டம் மெடிக்கல்ஸ்:
பயப்பட வேண்டாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீங்க. நாளைக்குக் காலையிலேயே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. போகும்போது இரண்டு ஸ்ட்ரிப்பையும் கையோடு எடுத்துப் போங்க. இப்போதே சட்டைப் பையில் வைத்துவிடுங்க.