கொடைக்கானல் மலைச்சாலையில் நாயோடு இலையுதிர் வண்ணம் பார்க்க முடியுமா?

மாசிவீதி:
வணக்கம். ஆறு வருடம் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் இருந்துவிட்டு இந்த வருடம்தான் மதுரைக்கே திரும்பினோம். அங்கே காங்கமாகஸ் என்று ஒரு மலைச்சாலை உண்டு. லிங்கன் ஊரிலிருந்து கான்வே ஊர் வரை 34 மைல். அக்டோபர் முதல் இரண்டு வாரம் அந்தச் சாலையின் இரு பக்கமும் மேப்பிள் மரங்கள் சிவப்பும் ஆரஞ்சுமாக நிற்கும், நடுநடுவே பிர்ச் மரங்கள் மஞ்சளாக. ஒவ்வொரு வருடமும் எங்கள் லாப்ரடாரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போவோம். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினால் உதிர்ந்த இலைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு வரவே மாட்டான். நாங்கள் ஊர் திரும்பும் முன்பே அவன் போய்விட்டான்.

இப்போது வீட்டில் மின்னி இருக்கிறாள். மூன்று வயது சிப்பிப்பாறை இன நாட்டு நாய். ஐப்பசி கடைசியில் மூன்று நாள் லீவு கிடைக்கும். வத்தலக்குண்டு, டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல் போகலாம் என்று நினைக்கிறேன். அந்த மாதிரி வண்ணம் எந்தப் பக்கம் கிடைக்கும்? நாயை எங்கெல்லாம் விடுவார்கள்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சோலைக்காடு:
மாசிவீதி தம்பி, நான் கொடைக்கானலில் குடியிருப்பவள். நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கும் வண்ணம் இங்கே கிடையாது. நாயைக் கூட்டி வருவதும் வேண்டாம்.

அங்கே இலை சிவக்கக் காரணம் பகல் குறுகுவது. நியூ ஹாம்ப்ஷயரில் கோடையின் நீளமான பகலுக்கும் குளிர்காலத்தின் குட்டையான பகலுக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். பகல் சுருங்கி இரவு குளிர ஆரம்பித்ததும் மரம் இலையிலிருக்கும் பச்சையத்தை உடைத்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. மேப்பிள் போன்ற மரங்கள் அந்த நேரத்தில் சிவப்பைப் புதிதாகவே உண்டாக்குகின்றன. நம் மலை பூமத்திய ரேகையிலிருந்து பத்து டிகிரிதான். வருடம் முழுக்கப் பார்த்தாலும் பகல் நீளம் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் மாறாது. மலை மேலே இருக்கும் பசுமை மாறாத சோலைக்காட்டு மரங்களுக்கு இலையை மொத்தமாக உதிர்க்க வேண்டிய கட்டாயமே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை நமக்குக் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். நீங்கள் பார்க்கப்போவது மூடுபனியைத்தான். நமக்கு இலையுதிர்வு மாசி, பங்குனியில், அதுவும் மலையடிவாரக் காட்டில். இங்கிலீஷ் பாடப் புத்தகத்து நான்கு பருவத்தை நம் மலை மேல் போர்த்திப் பார்ப்பதால்தான் வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

தாண்டிக்குடி காப்பி:
அக்கா, கால விளக்கம் சரி. ஆனால் ஒன்றுமே இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் தாண்டிக்குடிப் பக்கம் வந்து பாருங்கள். கார்த்திகை பிறந்தால் காப்பிச் செடி கொத்துக் கொத்தாகப் பழுத்து நிற்கும். பச்சை, மஞ்சள், அடர் சிவப்பு மூன்றும் ஒரே கிளையில் இருக்கும். அதற்கு மேலே மிளகுக் கொடி, அதற்கும் மேலே சில்வர் ஓக், இலையின் அடிப்பக்கம் காற்றில் வெள்ளியாகப் புரளும். சாலையோரம் காட்டுச் சூரியகாந்தி ஆள் உயரத்துக்கு மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். மழை விட்ட காலையில் பண்ணைக்காட்டிலிருந்து ஊத்துக்குப் போகிற சாலையில் ஒருமுறை வண்டி ஓட்டினால் அப்புறம் மேப்பிளைத் தேட மாட்டீர்கள்.

சோலையிலும் சிவப்பு உண்டு. ருத்திராட்ச இனத்து மரங்களில் பச்சைக்கு நடுவே ஒன்றிரண்டு முதிர்ந்த இலை ரத்தச் சிவப்பாகத் தொங்கும், வருடம் முழுக்க. நாவல் இனத்து மரமும் காட்டுக் கருவாவும் கொழுந்து விட்டால் உச்சியே செந்நிறமாகிவிடும். அங்கே இலை சாகும்போது சிவக்கிறது, இங்கே பிறக்கும்போது சிவக்கிறது. எனக்கு இதுதான் அழகு.

மாசிவீதி அண்ணே, நீங்கள் மெயின் ரோட்டில் வராமல் வத்தலக்குண்டு, சித்தரேவு, பெரும்பாறை வழியாக தாண்டிக்குடி ஏறுங்கள். நாயும் வரட்டும். எஸ்டேட்டில் நாய் இல்லாத வீடே கிடையாது.

காட்ரோடு டிரைவர்:
இருபது வருடமாக இந்த மலையில் வண்டி ஓட்டுகிறேன். வண்ணத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, சாலையைப் பற்றிச் சொல்கிறேன். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது சுமார் 1,800 மீட்டர் உயரம் கூடுகிறது. மனுஷனுக்கே காது அடைக்கும். நாய்க்கும் குமட்டும், அதுக்கு வாயைத் திறந்து சொல்லத் தெரியாது. எச்சில் ஒழுக ஆரம்பித்தாலோ அடிக்கடி உதட்டை நக்கினாலோ அடுத்த வளைவுக்குள் வாந்தி வரும் என்று அர்த்தம். வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள்.

டம் டம் பாறையில் எல்லாரும் நிறுத்துவார்கள். எதிரே தலையாறு அருவி தெரியும், எலிவால் அருவி என்றும் சொல்வோம், 297 மீட்டர் உயரத்திலிருந்து ஒற்றைக் கோடாக விழும். மழைக்காலத்தில்தான் அதைப் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே குரங்குக் கூட்டம் அதிகம். மூன்று வருடம் முன்னால் என் வண்டியில் வந்த குடும்பத்தின் நாய், குரங்கைப் பார்த்ததும் பாதி திறந்திருந்த கண்ணாடி வழியாகக் குதித்துவிட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் தப்பியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு மேல் இறக்காதீர்கள். மார்பு வாரை (ஹார்னெஸ்) சீட் பெல்ட்டோடு சேர்த்து மாட்டுங்கள். கழுத்துப் பட்டையில் மாட்டவே கூடாது, சடன் பிரேக் போட்டால் கழுத்து இறுகிவிடும்.

வெளி வண்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், வீட்டிலேயே பதிந்துவிடுங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மேலே விடமாட்டார்கள். நாய்க்குத் தண்ணீர் சில்வர் தூக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சோலைக்காடு:
தாண்டிக்குடித் தம்பி சொன்ன காட்டுச் சூரியகாந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. அது மெக்சிகோவிலிருந்து வந்த செடி. அது பரவிய இடத்தில் நம் புல்லும் புதரும் எழும்ப முடியாமல் போகின்றன. அந்த மஞ்சளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அழகு என்று சொல்லி விருந்தாளிகளைக் கூப்பிட வேண்டாம். நம் மலையின் சொந்த வண்ணம் குறிஞ்சி. 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான் பூக்கும். அதற்குக் காத்திருக்கத் தெரிய வேண்டும்.

நாய் விஷயத்துக்கு வருகிறேன். பழனி மலையில் செந்நாய் இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது. வீட்டு நாயிடமிருந்து டிஸ்டெம்பர் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே சாட்சி. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் அந்த நோயால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் செத்தன. 2018-ல் நம் குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களுக்கும் அதே நோய் வந்தது. செந்நாய் நாய்க் குடும்பம், அதற்கு இன்னும் எளிதாகத் தொற்றும். ஒரு கூட்டம் அழிந்தால் திரும்ப உருவாக எத்தனை வருடம் ஆகும்?

மாசிவீதி:
அக்கா, கோபம் புரிகிறது. ஆனால் மின்னிக்கு டிஸ்டெம்பர், வெறிநாய்க்கடி இரண்டுக்கும் தடுப்பூசி நாள் தவறாமல் போட்டிருக்கிறோம். கயிறு இல்லாமல் வெளியே விடவே மாட்டோம். கொடைக்கானல் ஊருக்குள் திரியும் தெருநாய்கள் ஒரு ஊசியும் போடாமல் காட்டு ஓரத்தில் குப்பை தின்கின்றன. நோயைக் கொண்டுபோவது அவையா, கயிற்றில் இருக்கும் என் நாயா? பொறுப்பாக இருப்பவனைத் தடுத்துவிட்டால் காடு பிழைத்துவிடுமா?

தாண்டிக்குடி காப்பி:
இதைத்தான் நானும் கேட்கிறேன். எஸ்டேட் நாய்களுக்கு நாங்களே கூட்டி வைத்து ஊசி போடுகிறோம். வருகிற நாயிடம் ஊசிச் சீட்டைக் கேட்டால் போதும்.

சோலைக்காடு:
தெருநாய் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஊசி போட்டிருப்பதும் பெரிய காரியம்தான். ஆனால் நோய் பாதி விஷயம். மீதி, நாயின் உயிர்.

என் பக்கத்து வீட்டில் ஒரு நாட்டு நாய் இருந்தது, ஒன்பது வயது. வாசல் திண்ணையில் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். காலையில் பட்டை மட்டும் கிடந்தது. அந்த அம்மா ஒரு வாரம் சாப்பிடவில்லை. குடியிருப்பை ஒட்டி வாழும் சிறுத்தைக்கு நாய்தான் சுலபமான இரை. எஸ்டேட்டில் நாய் இல்லாத வீடு இல்லை என்கிறாரே தம்பி, சிறுத்தை தூக்காத எஸ்டேட் எது என்று அவரே சொல்லட்டும்.

அப்புறம் காட்டுமாடு. இப்போது ஏரிச் சாலையிலேயே நிற்கிறது. மனிதர் ஒதுங்கிப் போனால் அது பாட்டுக்கு மேயும். நாய் குரைத்தால் தலையைத் தாழ்த்திவிடும். பயந்த நாய் எங்கே ஓடும்? உங்கள் காலடிக்குத்தான் ஓடிவரும், பின்னாலேயே முக்கால் டன் மாடும் வரும். அங்கே கயிறு உதவாது, கயிறே உங்களைப் பிடித்து வைக்கும். பேரிஜம் ஏரி மாதிரி வனத்துறை அனுமதி கேட்கும் இடங்களுக்கு நாயோடு போகும் யோசனையையே விட்டுவிடுங்கள். நீங்கள் இறங்கிப் பார்க்கும்போது அவள் பூட்டிய காருக்குள் கிடப்பாள். அது யாருக்கான பயணம்?

தாண்டிக்குடி காப்பி:
சிறுத்தை இங்கேயும் தூக்கியிருக்கிறது, மறைக்கவில்லை. எங்கள் கருப்பனும் அப்படித்தான் போனான். அதிலிருந்து இருட்டினால் எல்லா நாயும் வீட்டுக்குள்தான். காலை ஏழுக்கு மேல் மாலை ஐந்து வரை, கயிற்றோடு, காப்பிக்குள் போகாமல் வண்டிப்பாதையில் நடந்தால் பயமில்லை. அட்டைக்கு மட்டும் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரை நேராகக் குடிக்க விட்டால் மூக்குக்குள் ஏறிவிடும்.

கோவில்பட்டி கரிசல்:
இவ்வளவு பேசினீர்கள், நாய் என்ன ஜாதி என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து சிப்பிப்பாறை இருக்கிறது. அது கரிசல் வெயிலில் முயல் துரத்த வளர்ந்த நாய். உடம்பில் கொழுப்பு கிடையாது, முடி ஒட்டிக் கிடக்கும், அடிமுடியே இல்லை. லாப்ரடார் பனித்தண்ணீரில் நீந்தும், அதற்கு இரட்டை முடி. அதை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள். கார்த்திகை ராத்திரி கொடைக்கானலில் 10 டிகிரியை ஒட்டி இறங்கும், அதோடு ஈரமும் சேர்ந்தால் மின்னி நடுங்கிப் போய்விடுவாள். தரையில் படுக்க விடாதீர்கள், சாக்கும் கம்பளியும் போடுங்கள், நனைந்தால் உடனே துவட்டுங்கள்.

இன்னொன்று. கண்ணால் பார்த்து வேட்டையாடும் நாய் இது. தூரத்தில் ஏதாவது ஓடினால் கூப்பிட்ட குரல் காதில் விழாது, கழுத்தை உருவிக்கொண்டு போய்விடும். அதன் தலையை விடக் கழுத்து பருமன், சாதாரணப் பட்டை நிற்காது. அகலப் பட்டையும் மார்பு வாரும் இரண்டுமே போடுங்கள்.

மாசிவீதி:
கரிசல் அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்தபின் கொஞ்ச நேரம் மின்னியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மதுரை மார்கழிக்கே என் போர்வைக்குள் வந்து படுப்பவள். நான் பழைய நாயையும் பழைய சாலையையும்தான் தேடியிருக்கிறேன் போலிருக்கிறது.

இப்படி முடிவு செய்திருக்கிறேன். ஐப்பசியில் கொடைக்கானல் இல்லை. கார்த்திகையில் மழை விட்ட இரண்டு நாள் பார்த்து, பெரும்பாறை வழியாக தாண்டிக்குடி வரை மட்டும். ஒரு ராத்திரி, அறைக்குள் எங்களோடு. காப்பிப் பழம் பார்த்துவிட்டு இறங்கிவிடுவோம். கொடைக்கானலுக்கு நானும் மனைவியும் தனியாக வருகிறோம், மின்னி அம்மாவோடு இருக்கட்டும். அக்கா, மாசியில் அடிவாரத்தில் இலையுதிர்வு என்றீர்களே, அதைச் சொல்லுங்கள்.

சோலைக்காடு:
மாசிக் கடைசியில் வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது கீழ்ச்சரிவைப் பாருங்கள். வெக்காலி மரத்து இலை உதிரும் முன் செம்பு நிறமாகும். தேக்கு மொட்டையாக நிற்கும். முள்ளிலவு மரம் ஓர் இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்திருக்கும். நீங்கள் தேடிய சிவப்புக்கு மிக அருகில் நம்மிடம் இருப்பது அதுதான். ஆனால் காரிலிருந்தே பாருங்கள், சருகுக்குள் இறங்காதீர்கள். அது காட்டுத்தீ காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள்.

தாண்டிக்குடிக்கு நாயைக் கொண்டுபோவது எனக்கு இன்னமும் சம்மதமில்லை. சிறுத்தைக்கு நீங்கள் ஒரு ராத்திரி வந்தவரா, அங்கேயே இருப்பவரா என்று தெரியாது. ஆனால் கொடைக்கானலை விட்டதற்கு நன்றி தம்பி.

தாண்டிக்குடி காப்பி:
வாருங்கள் அண்ணே. அக்காவும் ஒருநாள் வரவேண்டும். சூரியகாந்தியை எங்கள் வேலி ஓரத்திலாவது வெட்டி வைக்கிறேன், பூத்து விதை விழும் முன்னால்.

காட்ரோடு டிரைவர்:
மாசிவீதி சார், பெரும்பாறைச் சாலை குறுகல், இறங்கும்போது எதிரே பஸ் வந்தால் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கும், அதற்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் மின்னிக்குத் தயிர்சாதம் வைக்காதீர்கள், முந்தின ராத்திரி சாப்பாட்டோடு நிறுத்திவிடுங்கள். சித்தரேவில் ஒருமுறை இறக்கி நடக்க வையுங்கள், அதற்கப்புறம்தான் வளைவுகள் ஆரம்பிக்கும்.