ஜானெட் ராங்கின் தனி ஒருத்தியா? மீதி 49 பேர் எங்கே?

வடக்குத்தெரு: அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் ஜானெட் ராங்கின் "இரண்டு உலகப் போர்களையும் தனி ஒருத்தியாக எதிர்த்தார்" என்று நேற்று பனித்துளி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1917 ஏப்ரலில் கீழவையில் போருக்கு ஆதரவு 373, எதிர்ப்பு 50. ஐம்பதில் ஒருவர் எப்படித் தனி ஒருத்தி ஆவார்?

பனித்துளி: 1941 டிசம்பர் 8, பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்த மறுநாள். 388க்கு 1. அந்த ஒன்று ராங்கின். வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்துகொள்ள, தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து காவலர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. இதைவிடத் தனிமை உண்டா?

வடக்குத்தெரு: 1941ஐ யார் கேட்டார்கள்? நான் கேட்பது 1917. 50 பேர்.

கரிசல்: அந்த ஐம்பதில் 49 பேர் ஆண்கள் ஐயா. அவை முழுக்க அவர் ஒருவர்தான் பெண். முதல் முறை பெயர் கூப்பிட்டபோது பேசாமல் இருந்தார். இரண்டாம் முறை எழுந்து, நாட்டோடு நிற்கத்தான் விருப்பம், ஆனால் போருக்கு வாக்களிக்க முடியாது என்றார். அழுதுகொண்டே சொன்னார் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த 49 பேரின் கண்ணை யார் பார்த்தார்கள்?

வடக்குத்தெரு: அழுதாரா என்று அதே அவையின் உறுப்பினர் லகார்டியாவிடம் கேட்டார்கள். என் கண்ணிலேயே நீர், அதனால் தெரியவில்லை என்றார் மனுஷன். அது போகட்டும். கீழவையில் ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்குத் தலைமை தாங்கிய கிளாட் கிச்சினே போரை எதிர்த்து வாக்களித்தவர். அவரும் அந்த ஐம்பதில் உண்டு. அவரையும் அழித்துவிடுவீர்களா?

பனித்துளி: என் பதிவு ராங்கினைப் பற்றியது. கிச்சினுக்கு நீங்கள் எழுதுங்கள்.

வடக்குத்தெரு: பெண்களுக்கு வாக்கே இல்லாத ஊரில் ஜெயித்தார் என்று போன மாதம் எழுதியவரும் நீங்கள்தானே? அவர் ஜெயித்த மொன்டானா மாநிலத்தில் 1914லேயே பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது. அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவரே ராங்கின். 1916 தேர்தலில் அந்தப் பெண்களும் வாக்களித்தார்கள். அதையும் நீங்கள் திருத்தவில்லை.

பனித்துளி: நாடு முழுக்க வந்தது 1920இல். அதைத்தான் சொன்னேன். ஒவ்வொரு பதிவிலும் என் பின்னாலேயே வருகிறீர்கள், எனக்குத் தெரியாமல் இல்லை.

வேப்பமரம்: இரண்டு பேரும் எண்ணை விடுங்கள். 1917 ஜூனில் மொன்டானாவின் பியூட் நகரச் சுரங்கத்தில் தீப்பிடித்து 168 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த மாநிலத்தையே கையில் வைத்திருந்த அனகோண்டா செப்புச் சுரங்க நிறுவனத்தை எதிர்த்துத் தொழிலாளர் பக்கம் நின்றார் ராங்கின். 1918இல் செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அப்புறம் மறுபடி அவைக்குள் போக 1940 தேர்தல் வரை காத்திருந்தார். இதைப் பேச ஆள் இல்லையா?

வடக்குத்தெரு: பேசலாம், தனியாகத் தொடங்குங்கள், வருகிறேன். இங்கே பேச்சு 50 பேர்.

கரிசல்: 49 ஆண்கள், ஒரு பெண்.

வடக்குத்தெரு: கூட்டினால் 50தானே?

பனித்துளி: என் வரி அப்படியே இருக்கும். மாற்ற மாட்டேன்.